ஆத்துத் தண்ணி வாசலுக்கு வந்த ராத்திரி: 2023 தாமிரபரணி வெள்ளத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

(ஒலிவடிவில் வந்த நிகழ்ச்சியின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப்போறது மழையைப் பத்தி. இன்னும் சரியா சொல்லணும்னா, மழை எப்போ வெள்ளமா மாறுது, அந்த வெள்ளம் நம்ம வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி நமக்கு எவ்வளவு நேரம் இருக்கு என்பதைப் பத்தி.

இதை நான் ஒரு செய்தியா மட்டும் பார்த்தவன் இல்லை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். நான் சென்னையில இருந்தேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் மிக்ஜாம் புயல் எங்க தெருவை முழங்கால் தண்ணியில நிறுத்திட்டுப் போயிருந்தது. வீட்டைக் கழுவி, நனைஞ்ச மெத்தையைத் தூக்கிப் போட்டு, அப்பாடான்னு உட்கார்ந்த நேரம். அம்மா ஊர்ல தனியா இருந்தாங்க. தூத்துக்குடி மாவட்டம், ஏரலுக்குப் பக்கத்துல ஒரு கிராமம். தாமிரபரணிக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல வாழைத் தோட்டமும் ஒரு வாய்க்காலும்தான்.

சாயங்காலம் போன் பண்ணேன். "மழை விடாம அடிக்குய்யா. ஆனா நம்ம ஊர்ல என்ன வெள்ளம் வரப்போவுது, நீ பதறாத" என்றார். நானும் பதறல. வெள்ளம் என்பது சென்னைக்கு வர்ற விஷயம் என்று என் மனசுக்குள்ள ஒரு கணக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாவே கூப்பிட்டாங்க. "குளம் உடைஞ்சிட்டுன்னு சொல்லுதாவ. தெருவுல தண்ணி ஓடுது. நான் பக்கத்து வீட்டுத் தட்டட்டிக்குப் போறேன்." அவ்வளவுதான். அதுக்கப்புறம் போன் கிடைக்கவே இல்லை. திங்கள் முழுக்க இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் யாரோ ஒருத்தர் போன்ல இருந்து, "நல்லா இருக்கேன்யா" என்று ஒரு வரி.

அந்த நாற்பது மணி நேரத்துக்கும் மேல நான் செய்த ஒரே வேலை, வரைபடத்தையும் மழை அளவையும் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான். அப்போ எனக்குப் புரியாத பல விஷயங்கள் பின்னாடி புரிஞ்சது. அதைத்தான் இன்னைக்கு உங்களோடு பகிர்ந்துக்கப் போறேன்.

95 சென்டிமீட்டர் என்றால் என்ன?

டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் ஒன்று. அங்கே ஒரு வருஷம் முழுக்கப் பெய்யவேண்டிய சராசரி மழையைவிட அதிகமாக, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது.

சென்டிமீட்டரில் சொன்னால் இதன் கனம் நமக்கு உறைக்காது. 95 சென்டிமீட்டர் என்றால் இடுப்பு உயரம், சரி, அதுக்கென்ன என்று தோன்றும். இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். 95 சென்டிமீட்டர் என்றால் 95 கோடி லிட்டர். ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு! உங்க வீட்டு மொட்டைமாடி ஆயிரம் சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மட்டும் கிட்டத்தட்ட 88,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி ஏழு வந்து உங்க மாடியில கொட்டிட்டுப் போன மாதிரி. தெருவில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு லாரி.

இந்தத் தண்ணீர் எல்லாம் எங்கேயாவது போக வேண்டும். மண் ஓரளவுதான் குடிக்கும். மிச்சம் பள்ளம் தேடி ஓடும். அந்தப் பள்ளத்தில்தான் பல நேரம் நம்ம வீடு இருக்கிறது.

பெயர் இல்லாத மழை

மிக்ஜாம், வர்தா, கஜா என்று பேர் வைத்த புயல் என்றால் நாம் உஷாராகிவிடுகிறோம். டிவியில் சுற்றும் படம் வரும், பள்ளிக்கூடம் லீவு விடுவார்கள், பால் பாக்கெட் வாங்கி வைப்போம். ஆனால் தென் மாவட்டங்களில் அன்றைக்கு வந்தது புயல் இல்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்கூட இல்லை. குமரிக்கடலை ஒட்டி நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. செய்தியில் இந்த வார்த்தையை நாம் எத்தனையோ முறை கேட்டிருப்போம். கேட்டுவிட்டுக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டிருப்போம்.

புயலின் ஆபத்து பெரும்பாலும் அதன் காற்று வேகத்தை வைத்துப் பேசப்படுகிறது. மழையின் ஆபத்துக்குக் காற்று வேகம் அவசியமே இல்லை. ரெண்டு விஷயம் போதும். ஒன்று, கடலில் இருந்து ஈரக்காற்று தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, அந்த அமைப்பு நகராமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அன்றைக்கு ரெண்டும் நடந்தது. ஒரு மேகக் கூட்டம் கொட்டி முடிக்கும்போது கடலில் இருந்து அடுத்தது வந்து நின்றது. ரயில் பெட்டி மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக, அதே ஊர்களின் மேல்.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது வெப்பம். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். இது பள்ளிக்கூட இயற்பியல்தான். கடலும் காற்றும் சூடாகச் சூடாக, மழை வருகிற நாளில் கொட்டுவதற்கு அதிகச் சரக்கு மேலே இருக்கிறது. இந்த ஒரு மழைக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 1992 நவம்பரிலும் தாமிரபரணியில் பெரிய வெள்ளம் வந்தது, எங்க பக்கத்துப் பெரியவங்க இன்னைக்கும் அந்த வருஷத்தைச் சொல்லித்தான் வயசுக் கணக்கே பார்ப்பாங்க. ஆனால் இப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு கூடிக்கொண்டு போகிறது என்பதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'அதி கனமழை' என்ற வார்த்தைக்கு மேலே வார்த்தை இல்லை

முன்னறிவிப்பு பற்றி அப்போது பெரிய விவாதமே நடந்தது. யார் எப்போ சொன்னாங்க, யார் கேட்கல என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. வேறு ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

இந்திய வானிலை ஆய்வு மையம் மழையை வகைப்படுத்துகிற முறை இது. 24 மணி நேரத்தில் சுமார் 6.5 சென்டிமீட்டர் முதல் 11.5 வரை பெய்தால் கனமழை. 11.5 முதல் 20.4 வரை மிக கனமழை. 20.4-க்கு மேல் போனால் அதி கனமழை. அதற்கு மேலே படிக்கட்டு கிடையாது. 21 சென்டிமீட்டரும் அதி கனமழைதான், 95 சென்டிமீட்டரும் அதி கனமழைதான். காயல்பட்டினத்தில் பெய்தது, கடைசிப் படிக்கட்டின் உயரத்தைப் போல நாலரை மடங்குக்கும் மேல்.

அதனால் 'ஓரிரு இடங்களில் அதி கனமழை' என்று அறிவிப்பு வந்தால், அந்த 'ஓரிரு இடம்' நம்ம ஊராக இருக்கலாம், அந்த 'அதி' எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது என்று எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நிறங்களும் அப்படித்தான். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் செயல்படு. சிவப்பு வந்த பிறகு டார்ச்சுக்கு பேட்டரி வாங்கக் கடைக்குப் போனால், நாம் ஒரு படி பின்னால் இருக்கிறோம் என்று அர்த்தம்.

மூன்று தண்ணீர்

வெள்ளம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். எங்க ஊருக்கு வந்தது உண்மையில் மூன்று தண்ணீர். மூன்றும் வேறு வேறு வேகத்தில், வேறு வேறு நேரத்தில் வரும். இதைப் புரிந்துகொண்டால் பல உயிர்கள் தப்பும் என்று நான் நம்புகிறேன்.

முதல் தண்ணீர், நம்ம தலைக்கு மேல பெய்கிற மழை. இது மெதுவாக ஏறும். தெருவில் கணுக்கால், அப்புறம் முழங்கால். நமக்குப் பார்க்க நேரம் இருக்கும். அதனாலேயே இது நம்மை ஏமாற்றும். 'இவ்வளவுதான் ஏறும்' என்ற ஒரு தைரியத்தைக் கொடுத்துவிடும்.

ரெண்டாவது தண்ணீர், குளத்துத் தண்ணீர். தாமிரபரணிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ஆற்றில் வரிசையாக எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வடகால், தென்கால் என்று ரெண்டு பெரிய வாய்க்கால் பிரிந்து, குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகும். மேல்குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்துக்கு வரும். சாதாரண வருஷத்தில் இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. ஆனால் மறுகால் வெளியேற்றுவதைவிட வேகமாகத் தண்ணீர் வந்தால், அது கரைக்கு மேலேயே வழியும். மண்கரை வழிந்து ஓடும் தண்ணீரைத் தாங்காது. வெளிப்பக்கச் சரிவில் மண் அரித்து, ஒரு சின்ன வெட்டு விழும். அந்த வெட்டில் தண்ணீர் வேகம் கூடும், வேகம் கூடினால் அரிப்பு கூடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைப்பு பெரிதாகும். ஒரு குளம் உடைந்தால் அந்த மொத்தத் தண்ணீரும் அடுத்த குளத்தின் தலையில் விழும். அதனால்தான் அன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் ஒன்றையடுத்து ஒன்று உடைந்தன. இந்தத் தண்ணீர் மணிக்கணக்கில் வராது. நிமிஷக் கணக்கில் வரும். எங்க அம்மாவுக்குக் கிடைத்தது இருபது நிமிஷம்.

மூன்றாவது தண்ணீர், ஆற்றுத் தண்ணீர். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் மேலே பொதிகை மலை அடிவாரத்தில் இருக்கின்றன. அணைக்கு வருவது நிறைந்த பிறகு திறந்துதான் விட வேண்டும். அதோடு வழியில் கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு என்று துணையாறுகளும் சேரும். இதெல்லாம் சேர்ந்து கீழே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அப்படியென்றால் என்ன? உங்க ஊரில் மழை நின்ற பிறகுகூட ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம். 'மழை விட்டுட்டு, இனி பயமில்லை' என்று கீழே இறங்கி வருவது ரொம்ப ஆபத்தான தப்பு.

'அணையைத் திறந்ததால்தான் வெள்ளம்' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். காயல்பட்டினத்திலும் திருச்செந்தூரிலும் பெய்த மழை எந்த அணைக்குள்ளும் போகாத மழை. அணைகளுக்குக் கீழே, கடலோரத்தில் பெய்தது. அதனால் 'அணை இன்னும் நிறையலையே' என்று நிம்மதியாக இருப்பதும் தப்பு.

செய்தியில் வருகிற 'கன அடி' பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்றால், ஒவ்வொரு வினாடியும் 28 லட்சம் லிட்டர் உங்களைக் கடந்து போகிறது. அடுத்த முறை அந்த எண்ணைக் கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிற்பதும் ஒரு முடிவுதான்

அன்றைக்கு ராத்திரி திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பயணிகள். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஒரு பகுதிப் பயணிகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் ரெண்டு நாள் அளவுக்கு அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரங்க, தங்க ஊரே தண்ணியில இருக்கும்போது, இருக்கிறதை வச்சு சமைச்சுக் கொடுத்தாங்க. ஹெலிகாப்டரில் இருந்தும் உணவு போட்டார்கள்.

ரெண்டு நாள் மாட்டிக்கொண்டது கஷ்டம்தான். ஆனால் 'எப்படியாவது போயிடலாம்' என்று அந்த ரயில் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிறுத்தியதுதான் 800 பேரைக் காப்பாற்றியது.

இதே முடிவை நாம் காரிலும் பைக்கிலும் எடுக்கப் பழக வேண்டும். ஒரு சின்னக் கார் 1,200 கிலோ என்று வைப்போம். அதன் அடிப்பரப்பு நாலு மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால், காரின் அடித்தளத்துக்கு மேல் வெறும் 19 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினாலே கார் மிதக்கத் தொடங்கிவிடும். ஒரு சாண் கூட இல்லை! மிதந்த பிறகு பிரேக், ஸ்டியரிங் எதுவும் வேலை செய்யாது. நடக்கிற மனுஷனுக்கும் அப்படித்தான். தண்ணீரின் வேகம் ரெண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நாலு மடங்காகும். வேகமாக ஓடும் முழங்கால் தண்ணீர் நல்ல பலமான ஆளையே சாய்த்துவிடும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், கீழே பாலம் இருக்கிறதா இல்லையா என்பதே நமக்குத் தெரியாது. ஏரல் பாலமே அந்த வெள்ளத்தில் சேதமானது.

இருபது நிமிஷத்தில் என்ன செய்யலாம்?

அம்மா தப்பித்தது எப்படி என்று பிறகு கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டியிருக்கிறார். "பெரியம்மா, அப்படியே வாங்க, ஒண்ணும் எடுக்காண்டாம்" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். பாதி வழியில அம்மாவுக்குப் பட்டா வச்சிருந்த டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்து திரும்பப் போகப் பார்த்தாங்களாம். அந்த அக்கா மகன்தான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டாசலில் தண்ணீர் சுவிட்ச் போர்டு வரைக்கும் ஏறியிருக்கிறது. மெயினை அணைக்கவும் இல்லை. நல்லவேளை, கரண்ட் ஏற்கெனவே போயிருந்தது.

தட்டட்டியில ரெண்டு ராத்திரி, பதினோரு பேர். அம்மாவோட பிரஷர் மாத்திரை கீழே வீட்டுக்குள்ள. குடிக்கிறதுக்கு மழைத் தண்ணியை சேலை விரிச்சுப் பிடிச்சிருக்காங்க.

இதிலிருந்து நாங்க குடும்பமா சில முடிவு எடுத்தோம். உங்களுக்கும் உதவலாம் என்று சொல்கிறேன்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு பை தயாராகிவிடும். ஒரு வாரத்துக்கான மாத்திரை, டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், கொஞ்சம் பணம், பிஸ்கட், ரெண்டு பாட்டில் தண்ணீர். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றின் நகலும் பிளாஸ்டிக் உறைக்குள். எல்லாவற்றையும் படம் எடுத்து என் போனிலும் வைத்திருக்கிறேன். பெட்டிக்காக யாரும் திரும்பி ஓடக்கூடாது, அதற்காகத்தான்.

எந்த வீட்டு மாடிக்குப் போவது என்பது முன்கூட்டியே பேசி முடிவான விஷயம். இருட்டில் தேடக்கூடாது. பகல் வெளிச்சத்திலேயே போய்விட வேண்டும். சிவப்பு எச்சரிக்கை வந்தால், தண்ணீர் வருகிறதோ இல்லையோ, அம்மா சாயங்காலமே மாடி வீட்டில் படுத்துக்கொள்வார். பத்து தடவை போய்விட்டு ஒன்பது தடவை ஒன்றும் நடக்காமல் திரும்பினால் நஷ்டம் ஒன்றுமில்லை.

மாநில அவசர உதவி எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இதை சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் டவர் போய்விட்டால் எந்த எண்ணும் உதவாது என்பதையும் பார்த்துவிட்டோம். அதனால் வெளியூரில் இருக்கிறவங்க, ஊரில் நாலைந்து பேரோட நம்பராவது வைத்திருங்கள். நான் அம்மா நம்பர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ரெண்டு நாள் தவித்தேன்.

தண்ணீர் வடிந்த பிறகும் அவசரப்பட வேண்டாம். சுவர் காய்ந்து, எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயினைப் போடாதீர்கள். தண்ணிக்குள்ள நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் மொத்தமாகப் போய்விடும். சேற்றை அள்ளும்போது கம்பால் தட்டிப் பாருங்கள், பாம்பும் நம்மள மாதிரி மேட்டைத் தேடித்தான் வந்திருக்கும். காலில் புண் இருந்தால் வெள்ளத் தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வருவது அந்த வழியாகத்தான். கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் போடாமல், கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். எதையும் கழுவுவதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள். நிவாரணத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அது தேவைப்படும்.

சாமியே இடம் மாறும்போது

முடிக்கும் முன்னாடி ஒரு விஷயம். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும். அது அந்த ஊருக்குப் புதுசு இல்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் உற்சவரை எடுத்துக்கொண்டு மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்கள். வடிந்த பிறகு திரும்பக் கொண்டு வருவார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை, வீறாப்பு இல்லை.

எங்க அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். "முருகனே தண்ணி வந்தா மேலக்கோயிலுக்குப் போயிருதாரு, நீ அக்கா வீட்டு மாடிக்குப் போறதுல என்ன இருக்கு?" கொஞ்சம் சிரிச்சாங்க. அடுத்த மழைக்கு, நான் போன் பண்றதுக்கு முன்னாடியே பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தத் தடவை வெள்ளம் வரல. காலையில நடந்து வீட்டுக்கு வந்து, வாசல் தெளிச்சு, காப்பி போட்டுட்டுத்தான் எனக்குப் போன் பண்ணினாங்க.

உங்க வீட்டுல யாராவது ஆத்துப் பக்கமோ, குளத்துக்குக் கீழேயோ தனியா இருந்தா, இன்னைக்கே ஒரு போன் பண்ணுங்க. மழை வந்தா எந்த மாடிக்குப் போவீங்க என்று கேளுங்க. பதில் உடனே வரணும். யோசிச்சா, சேர்ந்து உட்கார்ந்து அதை முடிவு பண்ணுங்க. அடுத்த நிகழ்ச்சியில் சந்திப்போம்.